உட்புறம் திருப்பிய பெட்டிகள்

ஏற்றுமதி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, எந்தப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று நான் எழுதப்போவதில்லை. அதைக் கணினி சொல்லித் தரும். நான் வேலையை விட்ட பிறகு பத்திரங்களின் பெயர்களும் மாறிவிட்டன. அடியில் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினேழு வயதில் கப்பலுக்குப் போனேன். எண்ணெய்க் கப்பல்களில் ஏழு வருடம். பிறகு ஹம்பர்க்கில் ஓர் உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவினேன். மொன்றியலில் வந்து இறங்கி, அடுத்த கிழமையே ரொறன்ரோவுக்கு பஸ் ஏறினேன். பிறம்ரனில் கிடங்கு வேலை, ஒரு குளிர்காலம் முழுக்கப் பத்திரிகை போட்டது, இரண்டு பேக்கரி. எந்த இடத்திலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கால் அரிக்கத் தொடங்கிவிடும். கடைசியில் ஸ்காபரோவில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் நிலம் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலில் சரக்குப் பட்டியல் பார்த்த பழக்கம் இருக்கிறது என்று அறிந்து, முதலாளி என்னைக் கொண்டுபோய் ஷிப்பிங் மேசையில் இருத்தினார். அங்கே நான் நின்ற காலம் என் மனைவியையே ஆச்சரியப்படுத்தியது.

நாங்கள் செய்தது இரும்புக் கவ்விகள். மின்கம்பியைக் கம்பத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப். உள்ளங்கை அளவு சாமான். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மின்நிலையமும் ஒரு வீட்டு விளக்கைக்கூட ஏற்ற முடியாது.

அப்போது மூன்று நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கனடாவில் செய்த சாமான் வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போகலாம். ஆனால் 'இது இங்கேதான் செய்தது' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அந்த ஒருவர் நான். எட்டாம் வகுப்புக்காரனின் கையெழுத்தைப் பார்த்து அமெரிக்கா வரியை விட்டுக்கொடுக்கிறது என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாங்கள் செய்ததில் பாதி எல்லைக்கு அப்பால்தான் போனது. பின்னேரச் சிப்ட் என்று ஒன்று ஓடியதே அந்த வியாபாரத்தால்தான். அதில் இருபத்தாறு பேர். பத்தொன்பது பேர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், பெரும்பாலும் மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள்.

அதே நாட்களில் சீனச் சாமான் மலிந்த விலையில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்கா அந்த நாட்டுச் சில வார்ப்பிரும்புச் சாமான்களுக்குக் கூடுதல் வரி போட்டிருந்தது. அந்த வரியைத் தவிர்க்க வேறு நாட்டுப் பெயரில் உள்ளே வருகிறதா என்று எல்லையில் துருவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி 1956இல் ஹங்கேரியிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்த மனிதர். போட்டியாளர் எப்படி இந்த விலைக்குச் செய்கிறான் என்று பார்ப்பதற்காகச் சீனக் கவ்விகளில் ஒரு தொகுதி வரவழைத்தார். அவற்றை இங்குள்ள பண்ணைக்காரர்களுக்கு வேலி கட்ட விற்றுத் தீர்த்தார். கவ்விகள் போய்விட்டன. பெட்டிகள் மிஞ்சின.

பெட்டிகளைப் பற்றிச் சொல்வதென்றால் சறோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சறோ பொதி கட்டும் மேசையின் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்காரி, என்னைவிட நாலைந்து வயது குறைவு. நல்ல மட்டைப்பெட்டியைக் குப்பையில் எறிவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் சனத்தில் யாரால்தான் முடியும்? வீடு மாற, ஊருக்குச் சாமான் அனுப்ப, கட்டிலுக்குக் கீழே வைக்க என்று எல்லோர் வீட்டிலும் மடித்த பெட்டி இருக்கும். சறோ ஒருபடி மேலே போனார். பழைய பெட்டியின் ஒட்டை மெல்லப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மறுபடி ஒட்டுவார். அச்சு உள்ளே போய்விடும். வெளியே புதுப்பெட்டி மாதிரி வெறும் மண்ணிறம். முதலாளி அதைப் பார்த்து, "இந்தப் பெண் என் கணக்காளரைவிடக் கெட்டிக்காரி" என்றார். நானும் மெச்சினேன். அதை மறைக்கமாட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

1998 தை மாதம். கிழக்கே உறைமழை பெய்து, கம்பிகளில் பனிக்கட்டி ஏறி, மின்கம்பங்கள் முறிந்து விழுந்திருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே கதி. அங்கே ஒரு கிராமப்புற மின்சாரக் கூட்டுறவு அவசரமாகக் கவ்விகள் கேட்டது. நாற்பத்தெட்டுப் பெட்டி, பெட்டிக்கு இருபது. இரண்டு நிபந்தனை. சாமான் வட அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் கம்பத்தடியில் நிற்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் வருட ஒப்பந்தம் எங்களுக்கு. தவறினால் ஒஹாயோவில் உள்ள போட்டியாளருக்கு. பின்னேரச் சிப்ட் இருப்பதா நிற்பதா என்பது இதில்தான் இருக்கிறது என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

காலை எட்டு மணிக்கு லொறி புறப்பட்டது. ஓட்டியவர் சேவியர், மன்னார்க்காரர். நான் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

பத்து மணித் தேநீருக்குப் போகும் வழியில், சறோவின் மேசையில் மூடியின் மடல் கிழிந்த பெட்டியொன்று கிடந்தது. உள்ளே சிவப்பெழுத்தில் 'மேட் இன் சைனா'. நான் நின்றுவிட்டேன்.

"சறோ, விடிய அமெரிக்கா போன சாமான் எந்தப் பெட்டியிலை போனது?"

"உதிலைதான். புதுப்பெட்டி முந்தாநாளே முடிஞ்சுது. ஏன் அண்ணை, ஒட்டு விட்டிட்டுதோ?"

"நாப்பத்தெட்டும் உந்தப் பெட்டியோ?"

"ஓம். வடிவாத் திருப்பி ஒட்டினனான். ஒரு எழுத்து வெளியாலை தெரியாது."

அதுதான் பிரச்சினை. சுங்க அதிகாரி ஒருவர் மடலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெறும் பெட்டி. உள்ளே சீனாவின் பெயர். கூடவே 'கனடாவில் செய்தது' என்று என் கையெழுத்து. சிக்கனம் என்று அவர் நினைக்க என்ன காரணம் இருக்கிறது? சீனச் சாமானை வாங்கி, பெட்டியை உட்புறம் திருப்பி, ஊர்ப்பெயர் மாற்றி அனுப்புகிறார்கள் என்றுதான் நினைப்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அதைவிட மோசமான கேள்வி ஒன்றும் இருந்தது. முதலாளி வரவழைத்த கவ்விகளில் மிச்சம் ஏதும் மூலையில் கிடந்து, அவசரத்தில் இந்தப் பெட்டிகளுக்குள் போயிருந்தால்?

"போகேல்லை," என்றார் சறோ. "உந்தச் சீனக் கிளாம்ப் பாரம் குறைவு. கையிலை எடுத்தாலே எனக்குத் தெரியும்."

"நூறு வீதம்?"

"அண்ணை, நான் ஒரு நாளைக்கு ஆயிரம் கிளாம்ப் தூக்கிறன். நீங்கள் பேனை தூக்கிறியள்."

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லி, லொறியை நிறுத்தலாமா என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார். "எல்லையில் பிடித்துவிட்டார்களா?"

"இல்லை. இன்னும் எல்லைப் பாலத்துக்கே போயிருக்காது."

"அவர்கள் நிறுத்தாத லொறியை நீ ஏன் நிறுத்துகிறாய்?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இருபது லொறிக்கு ஒன்றைத்தான் திறந்து பார்ப்பார்கள். சாமான் எங்களுடையதுதான் என்று சறோ சொல்கிறார். அந்தப் பக்கம் சனம் குளிரில், விளக்கில்லாமல் இருக்கிறது. நிறுத்தினால் நாலைந்து மணித்தியாலம் போகும்.

"கையெழுத்து உன்னுடையது," என்றார் கடைசியில். "தீர்மானமும் உன்னுடையது. ஆனால் இந்த வியாபாரம் போனால் பின்னேரச் சிப்டுக்கு நீதான் போய்ச் சொல்ல வேண்டும்."

எண்பதுகளின் நடுவில் வளைகுடாவில் ஈரானும் ஈராக்கும் எண்ணெய்க் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கப்பலில் இருந்தேன். வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் தங்களுக்கு வேண்டிய கொடிக்குக் காவல் நின்றன, மற்றவர்களைக் கடவுள் பார்க்கட்டும் என்று விட்டன. எங்கள் கப்பல் முதலாளி ஒரே நாளில் கொடியை மாற்றினார், பெயரையும் மாற்றினார். அது சட்டப்படி செய்ததுதான், பத்திரம் எல்லாம் இருந்தது. பின்பக்கத்துப் பழைய பெயருக்கு மேல் கறுப்பு மை பூசியது நான். அந்த எழுத்துகள் இரும்பில் ஒட்டுப்போட்டு எழுப்பியவை. மைக்கு அடியில் புடைத்துக்கொண்டு நின்றன. ரோந்துப் படகில் வந்த ஓர் அதிகாரி அதைக் கண்டார். ஒன்பது நாள் நங்கூரத்தில் வைத்தார்கள். குடிதண்ணீர் கோப்பையால் அளந்துதான் கிடைத்தது. எங்கள் கப்பலின் இரண்டாவது அதிகாரியை நாங்கள் 'செக்கண்ட்' என்றுதான் கூப்பிடுவோம், அவருடைய பெயரே எனக்குத் தெரியாது. எட்டாம் நாள் அவர் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "பழைய பெயர் என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பத்து நிமிட வேலை. நாமே முந்திச் சொல்லியிருந்தால் அதுவும் இல்லை."

முதலாளியின் அறையில் நின்றபோது எனக்கு அந்தத் தண்ணீர்க் கோப்பைதான் ஞாபகம் வந்தது. போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

ஃபோர்ட் எரியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், லொறிக்காரர்கள் பத்திரங்களைச் சுங்கத் தரகருக்கு ஃபக்ஸ் பண்ணுகிற ஓர் இடம் உண்டு. அங்கே சொல்லி சேவியரைக் கூப்பிடச் செய்தேன்.

"மச்சான், பாலத்திலை ஏறாதை. அதிலையே நில்."

"என்னடாப்பா, குண்டே வைச்சு அனுப்பினனீ?"

"பெட்டியிலை பிழை. வாறன்."

"நீ வந்து என்ன செய்யப்போறாய்? உன்ர பாஸ்போட்டோடை பாலத்தின்ர நடுவுக்கும் வரேலாது."

அதுவும் உண்மை. என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு, அமெரிக்க விசா இல்லை. என் கையெழுத்து மாதம் பத்துத் தடவை அமெரிக்காவுக்குப் போய்வந்தது. நான் ஒருதடவைகூடப் போனதில்லை.

அடுத்ததாக அந்தப் பக்கத்துச் சுங்கத் தரகரை அழைத்தேன். நான் நேரில் ஒருநாளும் காணாத பெண். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "லொறி இன்னும் உங்கள் பக்கத்திலா?" என்றார். ஓம் என்றேன். அவர் மூச்சு விட்டது கேட்டது. "அப்படியானால் எல்லாப் பெட்டியையும் திறந்து பாருங்கள். சாமான் உங்களுடையது என்று நிச்சயமானால், பெட்டி எப்படி வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். லொறி வருவதற்கு முன் நானே நடந்துபோய் அவர்கள் கையில் கொடுக்கிறேன். அவர்கள் திறந்த பிறகு நீங்கள் சொன்னால், அதே வார்த்தைகள்தான், ஆனால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்."

நான் தொழிற்சாலை வான் வண்டியை எடுத்தபோது சறோ மேலங்கியை மாட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி இருந்தார்.

"நீர் எங்கை?"

"என்ர பெட்டி. நான் வராமல் ஆர் வாறது?"

வழியில் அவர் மடியில் ஒரு பை. அதற்குள் ஒட்டுநாடா, கத்தி, ஒரு தடித்த கறுப்புப் பேனை. பேனை எதற்கென்று கேட்டேன்.

"உள்ளுக்கை இருக்கிற எழுத்தை அழிச்சுவிடலாம் எண்டு."

"ஒரு எழுத்தும் அழிக்கிறேல்லை, சறோ."

"அப்ப உதைக் கொண்டுபோய்க் காட்டப் போறியளோ?"

"ஓம். காட்டத்தான் போறம்."

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லொறிக்குள் மூன்று பேருமாக ஏறினோம். ஆற்றுக் காற்று இரும்பையும் எங்களையும் ஒரே மாதிரி விறைக்கவைத்தது. எங்கள் கவ்விகளின் அடியில் சின்னதாக ஒரு முக்கோணம் வார்ப்பிலேயே இருக்கும். சீனக் கவ்வியில் அது இல்லை. சறோ ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். நான் முக்கோணத்தைப் பார்ப்பேன். சேவியர் திருப்பி அடுக்குவார். கையுறையோடு பிடிக்க முடியவில்லை, கழற்றினோம். பத்துப் பெட்டிக்கு ஒருதடவை சேவியர், "அக்கா, ஊரிலை உங்களுக்கு மட்டைப்பெட்டிக் கடையோ?" என்பார். சறோ அடுத்த பெட்டியை இழுப்பார்.

முப்பத்தோராவது பெட்டியில் ஒரு கவ்வியைத் திருப்பினேன். முக்கோணம் இல்லை.

இன்னொரு தடவை பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சேவியர் எட்டிப் பார்த்தார். பின்னேரச் சிப்டில் வேலை செய்கிறவர்களுக்கு முன்னால் நான் போய் நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

சறோ அதை என் கையிலிருந்து வாங்கி, மற்றக் கையில் இன்னொன்றை வைத்துப் பார்த்தார். "இது எங்கடதான்," என்றார்.

"எப்பிடிக் காட்டுறது? உம்மட கையை ஃபக்ஸிலை அனுப்பேலாது."

சேவியர் லொறித் திறப்பை எடுத்து, அந்தச் சாவியின் நுனியால் அந்த இடத்தைச் சுரண்டத் தொடங்கினார். துருப்பிடிக்காமலிருக்க நாங்கள் நாகம் என்கிற துத்தநாகம் பூசுவோம். அது சில நேரம் குழிக்குள் திரண்டு நிற்கும். சுரண்டச் சுரண்டச் சாம்பல் நிறத் தூள் விழுந்தது. ஒரு மூலை தெரிந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது வந்ததும் நான் அந்தப் பெட்டியின் மேலேயே குந்திவிட்டேன். சேவியர் சிலுவைக் குறி போட்டார். சறோ ஒன்றும் நடக்காதது போல அடுத்ததை எடுத்து நீட்டினார்.

நாற்பத்தெட்டையும் முடித்தபோது மணி மூன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் எங்கள் சாமான். லொறிக்காரர்களின் மேசையில் இருந்து என் ஆங்கிலத்தில் எழுதினேன். கவ்விகள் ஸ்காபரோவில் செய்தவை. பெட்டிகள் பழையவை. அவற்றில் முன்பு சீனாவிலிருந்து வேறு சாமான் வந்தது. மிச்சம் பிடிக்க உட்புறம் திருப்பினோம். ஒவ்வொரு கவ்வியையும் பார்த்துவிட்டோம். அவ்வளவுதான். ஆறு வரி. சறோவிடம் தமிழில் சொன்னேன். "மிச்சம் பிடிக்க எண்டது கட்டாயம் இருக்கட்டும்," என்றார்.

ஃபக்ஸ் போனது. சேவியர் லொறியை எடுத்தார். பாலத்தின் முதுகில் அது ஏறி, அந்தப் பக்கம் இறங்கி மறைவதை வானுக்குள் இருந்து பார்த்தோம். காலையில் மல்வேர்னில் வாங்கிய றோல்ஸ் பலகாரம் கல்லாகியிருந்தது. ஹீட்டருக்கு முன்னால் பிடித்துச் சூடாக்கி ஆளுக்கொன்று சாப்பிட்டோம். நாலேகாலுக்குத் தரகரை அழைத்தேன், இன்னும் இல்லை என்றார். நாலே முக்காலுக்கு அழைத்தேன். "போய்விட்டது," என்றார். "அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு பெட்டி திறந்தார்கள். இந்தக் கிழமை வார்ப்புச் சாமான் வந்தால் ஒன்றும் விடாமல் திறக்கிறார்கள், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. இருபதுக்கு ஒன்று என்பது அந்தக் கிழமை பொய்யாகியிருந்தது.

மிச்சத்தைச் சேவியர் அடுத்த நாள் சொன்னார். அதிகாரி மடலைத் திறந்து, சிவப்பெழுத்தைப் பார்த்து, கடிதத்தைப் பார்த்து, "உங்கள் தொழிற்சாலையில் புதுப்பெட்டி வாங்க வசதி இல்லையா?" என்று கேட்டாராம். "வசதி இருக்கிறது ஐயா, ஒரு அம்மா விடுகிறா இல்லை" என்றாராம் இவர். அதிகாரி சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினாராம்.

திரும்பி வரும்போது சென்ட் கதறின்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் சறோ, "என்ர சொல்லை நம்பியிருந்தால் பத்து மணிக்கே கடிதம் எழுதியிருக்கலாம். லொறியும் நிண்டிராது," என்றார்.

"நம்பினனான்."

"நம்பினபடியாத்தான் தொளாயிரத்து அறுவதையும் எண்ணினியளாக்கும்."

அதை இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'ஒவ்வொரு கவ்வியையும் பார்த்துவிட்டோம்' என்ற வரியைப் பார்க்காமல் எழுத என்னால் முடிந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உங்களுக்குத் தெரிந்த, நல்ல மனிதர் ஒருவர் சத்தியம் பண்ணிச் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அப்போதும் போய்ப் பாருங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனஸ்தாபம் வரும், போகும். பிழை ஒன்று இருப்பது தெரிந்தால், அடுத்தவர் கண்டுபிடிக்க முன் நீங்களே சொல்லுங்கள். பெரிய நாடுகள் தங்களுக்குள் எதற்காக முறுகிக்கொள்கின்றன என்பது நம் மேசைக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். நாம் சரியாக வைத்திருக்கக்கூடியது நம் கையில் இருக்கிற ஒரு பக்கக் கடதாசியை மட்டும்தான்.

கவ்விகள் அடுத்த நாள் பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து அந்தக் கூட்டுறவிலிருந்து ஃபக்ஸ் வந்தது. கம்பி ஏறிவிட்டது, விளக்கு வந்துவிட்டது, ஒப்பந்தப் பத்திரம் தபாலில் வருகிறது. முதலாளி அதைச் சாப்பாட்டறைச் சுவரில் குத்தினார். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பின்னேரச் சிப்ட்காரர்கள் மூன்று மணிக்கு வந்து, அதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிவிட்டு, வழக்கம் போல வேலைக்குப் போனார்கள். நான் மேசையில் இருந்து அவர்கள் இயந்திரத்தில் நேர அட்டை அடிக்கிற சத்தத்தைக் கடைசி ஆள்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றே புதுப்பெட்டிகளுக்கு ஓடர் கொடுத்தோம். சறோ என் மேசைக்கு வந்தார்.

"அப்ப அந்த நாப்பத்தெட்டுப் பெட்டியும்?"

"என்ன அந்த நாப்பத்தெட்டு?"

"இரட்டை மட்டை அண்ணை. நல்ல பெட்டி. திருப்பி அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ."

கேட்டேன். கூட்டுறவுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தின் கடைசி வரியில், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். இரண்டு கிழமை கழித்து சேவியர் வெறும் லொறியோடு வந்தபோது பன்னிரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஈரத்தில் ஊறாமல் தப்பியவை. அங்குள்ள யாரோ அவற்றைப் பிரித்து, தட்டையாக மடித்து, நூலால் கட்டியிருந்தார்கள். சிவப்பெழுத்து வெளியே தெரியும்படி.

அதில் ஒன்றைச் சறோ எனக்குத் தந்தார். நான் கையெழுத்துப் போட்ட பத்திரங்களின் பிரதிகள் இப்போதும் அதற்குள்தான் இருக்கின்றன.